கதவில் தொங்கிய மீன்பை

கடல் தாண்டிப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களைப் பற்றித்தான் இப்போது ஊரெல்லாம் பேச்சு. எவ்வளவு சம்பளம், எந்த ஏஜென்சி, விசா எத்தனை நாளில் வரும் என்று எல்லாம் விசாரிக்கிறோம். போன இடத்தில் அவர்களை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. திருகோணமலை சல்லியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

சூரியன் கடலைவிட்டு ஒரு முழம் ஏறியிருந்தது. சல்லிக் கரையில் கரைவலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்தபடி ஆட்கள் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். முத்துமாரி அம்மன் கோயில் பக்கத்திலிருந்து மணிச்சத்தம் வந்தது. அம்பா பாடுகிறவர் குரலை உயர்த்த, கயிறு இன்னொரு பாகம் கரைக்கு ஏறியது. மடி மணலில் வந்து விழுந்ததும் காகங்களும் சிறுவர்களும் ஒன்றாகச் சூழ்ந்தார்கள். சூடையும் கீரியும்தான் அன்றைக்கு. நடுவில் இரண்டு மூன்று பாரைகள்.

என் அக்காவின் மகள் கணித ஆசிரியை. எனக்குத் துணையாக வந்தவள், சும்மா நிற்கப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் கயிற்றில் கைவைத்திருந்தாள். மீனைப் பங்குபோடத் தொடங்கியதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சருக்கும் போடுங்கோ."

"ஐயோ, வேணாம் மாமா. நான் சும்மாதானே பிடிச்சன்."

"பிடிச்சது பிடிச்சதுதான் பிள்ளை. கையை ஏந்து."

இரண்டு கை நிறைய சூடை விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மீனைச் சேலைத் தலைப்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "சித்தி, அங்க போனா எனக்கு இப்படி ஆராவது இருப்பாங்களா?"

அவளுக்கு மாலைதீவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த தவணை தொடங்குமுன் புறப்பட வேண்டும். நானும் அந்த நாட்டில் சில வருடம் படிப்பித்துவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் கேட்டாள். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லும் பதில்தான். ஆனால் அவளுக்கு மட்டும் உரியதல்ல.

வாத்தியார்கள் ஏன் போகிறார்கள்?

காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2021 ஜூலையில் தொடங்கிய ஆசிரியர் - அதிபர் சம்பள முரண்பாட்டுப் போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. அதன் களைப்பு ஆறுவதற்குள் 2022 வந்தது. எரிபொருள் வரிசைகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பேருந்துச் செலவே சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்றது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க முடியாத ஒருவரிடம், வகுப்பில் சிரித்த முகத்தோடு நில்லுங்கள் என்று எந்த அதிபர் சொல்வார்?

┌ பெட்டிச் செய்தி ┐
ஐந்தாண்டு விடுமுறை
2022 ஜூனில் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022, அரச உத்தியோகத்தர்கள் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேறு வேலை பார்க்க ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க வழி திறந்தது. சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் இதனால் பாதிக்கப்படாது என்றும் அது கூறியது. அன்றே முழுக் காலத்துக்கும் விடுமுறை எடுத்தவர்களுக்கு 2027 தொடக்கம் தவணை முடிகிறது.
└──────┘

முதல் தவணை

மாலைதீவில் 1,192 தீவுகள். மக்கள் குடியிருப்பவை அவற்றில் இருநூறுக்கும் குறைவு. தலைநகர் மாலேயைத் தாண்டிவிட்டால் பல தீவுகளை அரைமணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம். அப்படி ஒன்றில்தான் நான் இருந்தேன். வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சல்லியில் எல்லோரும் ஓய்ந்திருக்கும் நேரத்தில், நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்பேன். கடல் இதே கடல், வெயில் இதே வெயில், தென்னையும் இதே தென்னை. ஆனாலும் முதல் தவணை முழுக்க நெஞ்சுக்குள் ஒரு பாரம் கிடந்தது. ஊரில் நான் இன்னாரின் மகள், இன்னாரின் தங்கச்சி. அங்கே வெறும் 'மிஸ்'. காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துத் தர ஆளில்லை. அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது, அவருக்குக் கேட்காமல் இருக்க மூக்கை உறிஞ்சாமல் பேசப் பழகினேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாடகை வீட்டின் கதவுப் பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே ஒரு துண்டு சூரை மீன், கழுவி, தோல் உரித்து. யார் வைத்தது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தார். சில நாள் கழித்து மறுபடி ஒரு பை. பிறகு இன்னொன்று. வேறு வேறு முடிச்சு, வேறு வேறு பை. ஒரே ஆள் வைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. படகில்லாத வீட்டுக்கு, படகுள்ள வீடுகள் மீன் கொடுப்பது அந்தத் தீவின் பழக்கம். விதவைகளின் வீடு, வயதானவர்களின் வீடு, வெளியூர் ஆசிரியரின் வீடு. யாரும் வந்து நின்று நன்றியை எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்ல ஆளையே அடையாளம் தெரியாதபடிதான் அது நடந்தது.

அந்தத் துண்டு மீனை மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனசு இலேசானது. எனக்குச் சோறு போடுகிறவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகள் நாளைக்கு என் முன்னால் உட்காரப் போகிறார்கள் என்ற நினைப்பில் மறுநாள் பாடத்தை இன்னொரு தடவை ஆயத்தம் செய்தேன்.

இதைத்தான் அக்காவின் மகளிடம் முதலில் சொன்னேன். வெளியூர் போன ஆசிரியருக்கு அன்றாடத்தின் சின்னச் சின்னக் கைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஊரிலும் அந்தக் கைகள் இருந்தன. அம்மா, மாமி, பால்காரர், ஓட்டோக்காரத் தம்பி எல்லோரும் இருந்தார்கள். உறவென்றும் உரிமையென்றும் அவை பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. யாரும் எனக்குக் கடமைப்படாத ஓரிடத்தில், ஒருவர் ஒரு கதிரையை நகர்த்திப் போட்டாலும் அது தெரியும்.

கதிரை என்றதும் நினைவு வருகிறது. அந்தத் தீவுகளில் கடற்கரையோரம் இரும்புச் சட்டத்தில் வலை பின்னிய இருக்கைகள் வரிசையாக இருக்கும். ஜோலி என்பார்கள். பின்னேரத்தில் ஊரே அதில் சாய்ந்து கதைபேசும். ஆளாளுக்கு வழக்கமான இடம் உண்டு. மழைக்காலம் முடிந்த ஒரு மாலை, நான் நடந்து போகையில் ஒரு மூதாட்டி தன் பக்கத்து ஜோலியைத் தட்டிக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு திவேஹி பாதிதான் தெரியும். அன்றிலிருந்து அந்த இடம் எனக்கு. அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். காலைச் சாப்பாடான மஸ்ஹுனியில் மாசியும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேருகிறதே, எங்கள் மாசிச் சம்பலுக்குச் சொந்தக்காரி மாதிரி இருக்கிறதே என்று சைகையில் விளக்க முயன்றதும், அவர் விழுந்து விழுந்து சிரித்ததும் என் வெளிநாட்டு வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று.

பாடக்குறிப்புப் புத்தகத்தின் கடைசி வரியில் அன்றைக்கு யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிவைக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் திருத்திய காவலாளி. தமிழ் உச்சரிப்போடு வந்த என் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்ட பிள்ளை. நோன்பு மாதத்தில் மாலை நேரம் தட்டு அனுப்பிய வீடு. ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டேன். ஆனால் எழுத வேண்டும் என்பதற்காகவே பகல் முழுக்கக் கண் திறந்திருக்கும்.

┌ பெட்டிச் செய்தி ┐
எழுதிப் பார்த்த ஆய்வு
அமெரிக்க உளவியலாளர்கள் ரொபர்ட் எமன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. ஒரு குழுவினர் பத்து வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதினார்கள். இன்னொரு குழு தொல்லைகளை எழுதியது. மூன்றாவது குழு வெறும் நிகழ்வுகளை எழுதியது. நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லவிதமாக உணர்ந்தார்கள்.
└──────┘

லூசியானாவிலிருந்து திருகோணமலைக்கு

எங்கள் மாவட்டத்திலிருந்து ஆசிரியர்கள் வெளியே போவது இப்போதைய செய்தி. வெளியிலிருந்து ஆசிரியர்கள் இங்கே வந்தது பழைய செய்தி. அந்தப் பழைய செய்தியை அறியாமல் இந்தப் புதிய செய்தி முழுதாக விளங்காது.

1867ல் தொடங்கிய திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் ஒரு தலைமுறையே அமெரிக்க இயேசு சபைக் குருக்களிடம் படித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஜோன் ஹேபியர். லூசியானாவின் ஜெனிங்ஸ் ஊரில் 1923ல் பிறந்து 1948ல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையில் படிப்பித்தார். கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அவரிடம் விளையாடியவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். பந்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டியதை இன்றைக்கும் கையைத் தூக்கி அபிநயித்துக் காட்டுவார்கள். பின்னர் மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றை நடத்தினார். படிப்பு ஏறாத பையன்களின் கையில் ஒரு தொழிலைக் கொடுப்பதே அவருடைய கடைசிக் கால வேலை.

1990 ஆகஸ்ட் 15 அன்று, கிழக்கு முழுவதும் வன்முறையில் எரிந்த நேரத்தில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. உடன் வந்த தமிழ்ப் பையனும் வரவில்லை. இருவரையும் பிறகு யாரும் காணவில்லை. இங்கே இருந்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் எந்த நாளும் விமானம் ஏறியிருக்கலாம். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் இருந்த ஒருவர் அந்தக் கிழமையில் ஏன் ஏறவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த ஊர் தனக்கு ஊட்டிய சோற்றின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே என் எண்ணம்.

அவருடன் அதே 1948ல் வந்த இன்னொருவர் ஹரி மில்லர். நியூ ஓர்லியன்ஸ்காரர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பல்லாண்டு படிப்பித்தவர். போர்க்காலத்தில் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போனவர்களின் விவரங்களைத் தாய்மாரிடம் கேட்டு எழுதிவைத்தவர். போர் முடிந்த 2009ல், எண்பதைத் தாண்டிய வயதில், ஓய்வுக்காகப் பிறந்த ஊருக்குத் திரும்பினார். அதிக காலம் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். பிறந்த ஊரில் மருத்துவமும் வசதியும் இருந்திருக்கும். காலையில் தெருவில் நடக்கும்போது "ஃபாதர்" என்று கூப்பிடும் முன்னாள் மாணவனின் குரல் அங்கே ஏது?

இவர்களைப் புனிதர்களாக்கிச் சுவரில் மாட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஆசிரியர் அந்நிய ஊரில் நீடித்து நிற்பதற்குக் கொள்கை மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். அவரைத் தினமும் பிடித்து நிறுத்துவது மைதானத்தில் பந்தெடுத்துக் கொடுக்கும் பையனும், மழையில் குடை நீட்டும் அப்பாவும், தேத்தண்ணி கொண்டுவரும் சிற்றூழியரும்தான்.

┌ பெட்டிச் செய்தி ┐
கடல் கடந்த சில வாத்தியார்கள்
வில்லியம் ஓல்ட்: இங்கிலாந்து மெதடிஸ்த மிஷனரி. கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்து, 1814ல் மட்டக்களப்பு வந்தார். தமிழ் படித்துப் பள்ளிகள் தொடங்கினார். ஒரு வருடம் முடியுமுன் 1815 ஏப்ரலில் இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரைத் தன் நிறுவுநராகக் கொண்டாடுகிறது.
சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்: அமெரிக்க மருத்துவர். 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 1873ல் ஊர் திரும்பி 1884ல் இறந்தார். தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளன் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர்.
தனிநாயகம் அடிகள்: கரம்பொன்னைச் சேர்ந்தவர். 1961 முதல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966ல் அந்த நகரில்தான் நடந்தது.
└──────┘

பலகையில் எழுதிய நன்றி

சல்லியில் நன்றியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரைக்கு அந்தச் சொல்லில் ஒரு காயம் உண்டு.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு உதவிகளும் வந்தன. வந்தவர்களில் உண்மையான அன்போடு வந்தவர்கள் பலர். ஆனால் கிழக்குக் கரை முழுவதும், கொடுத்த வள்ளத்தின் பக்கவாட்டில் கொடுத்தவரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. கிணற்றுக்கட்டில் பலகை. வீட்டுச் சுவரில் பலகை. அரிசிப் பையை வாங்கும் தாய் கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத தாய்.

அப்படிக் கேட்டு வாங்கும் நன்றி, வாங்கியவரைச் சின்னவராக்கும். மாலைதீவுத் தீவில் கதவில் தொங்கிய பையில் பெயர் இல்லை என்பது ஏன் என்னை அவ்வளவு தொட்டது என்று பிறகு யோசித்தபோது, இந்தப் பலகைகள்தான் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து இங்கே தன்னார்வமாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே: பிள்ளைகளைப் பாட்டுப்பாடி நன்றி சொல்லவைக்காதீர்கள். நீங்கள் அவர்களிடம் எதைப் பெற்றீர்கள் என்று ஒருநாள் எழுந்து நின்று சொல்லுங்கள். வகுப்பு உங்களை வேறு கண்ணால் பார்க்கும்.

சம்பளத்துக்கு மாற்றல்ல

இன்னொரு எச்சரிக்கை. 'உள்ளதைக் கொண்டு திருப்திப்படு' என்று ஆசிரியர்களுக்கு உபதேசிப்பது மேலிடங்களுக்கு எப்போதும் வசதி. சம்பள உயர்வு கேட்டால் தியாகத்தைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் கட்டுரையை யாராவது அதற்குப் பயன்படுத்தினால் நான் வருந்துவேன். மீன்பை தொங்கியதால் நான் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நேரத்துக்குச் சம்பளம் வந்தபடியால்தான் மீன்பையைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது. வாடகை கட்ட வழியில்லாமல் தவித்திருந்தால், அந்த மூதாட்டியின் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்திருக்கும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் எங்கள் மாவட்டத்து முன்னாள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கிழமை நாட்களில் கிடங்கிலோ உணவகத்திலோ வேலை, சனிக்கிழமை தமிழ் வகுப்பு. பதவி, மரியாதை, மாணவர் எழுந்து சொல்லும் வணக்கம் எல்லாவற்றையும் இழந்து போனவர்கள். உறைபனியில் பிள்ளையைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை காரில் காத்திருக்கும் பெற்றோர் ஒருவரைப் பார்த்தே அந்தச் சனிக்கிழமைக்காக ஆறு நாளும் ஓடுகிறவர்கள். கனடா நாடாளுமன்றம் 2016ல் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால், பெயர் தெரியாத இந்தச் சனிக்கிழமை வாத்தியார்களின் சோக்குத்தூள் நிறைய இருக்கிறது.

கடல் தாண்டாத வெளியூர்

இனி, ஆசிரியர்கள் போவதால் இங்கே வரும் பின்விளைவுக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

ஒரு கணித ஆசிரியை போனால், க.பொ.த. சாதாரண தர வகுப்பில் ஒரு வெற்றிடம் விழுகிறது. நகரப் பாடசாலை எப்படியாவது நிரப்பிக்கொள்ளும். கரையோரப் பாடசாலையால் அது முடியாது. வலயக் கல்வி அலுவலகம் வேறு மாவட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பும். பெரும்பாலும் முதல் நியமனம் பெற்ற இளம் பெண்ணாக இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தோ அம்பாறையிலிருந்தோ ஒரு பயணப்பையுடன் வந்து இறங்குவார். இடமாற்றம் எப்போது கிடைக்கும் என்று முதல் நாளிலேயே எண்ணத் தொடங்குவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கும் இது வெளிநாடுதான். கடவுச்சீட்டு கேட்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

அவருக்கு நாம் என்ன செய்கிறோம்? வாடகை அறைக்கு இரண்டு மாத முற்பணம் கேட்கிறோம். 'எந்தப் பகுதி, என்ன ஆட்கள்' என்று விசாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் பேருந்தைப் பிடிக்க ஓடினால் 'ஊர் நினைப்பிலேயே இருக்கிறா' என்கிறோம். பிறகு, நல்ல ஆசிரியர்கள் எங்கள் ஊரில் நிலைப்பதில்லை என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முறையிடுகிறோம்.

அக்காவின் மகளிடம் நான் இரண்டாவதாகச் சொன்னது இதைத்தான். அங்கே உனக்குக் கிடைப்பதையெல்லாம் எழுதிவை. யார் உன்னைப் படகுத்துறையில் வந்து கூட்டிப்போனார்கள், யார் உன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார்கள், காய்ச்சல் நாளில் எந்த வீட்டுக் கஞ்சி வந்தது என்று. ஐந்து வருடம் முடிந்து திரும்பும்போது உன் பெட்டியில் தங்கமும் துணியும் இருக்கும். அந்தக் கொப்பியும் இருக்க வேண்டும்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "திரும்பி வந்தா இங்க என்னைத் தூர ஸ்கூல் எதுக்காவது போடுவாங்க சித்தி. அந்தக் கொப்பியை வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். நியாயமான கேள்வி.

2022ல் ஐந்தாண்டு விடுமுறை எடுத்துப் போன ஆசிரியர்கள் 2027லிருந்து திரும்பத் தொடங்குவார்கள். அவர்களைத் தண்டனைபோல எங்கோ தூக்கிப் போடாமல், புதிதாக வரும் வெளியூர் ஆசிரியர்களை வரவேற்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தால் என்ன? அந்நிய ஊரின் முதல் இரவு எப்படி இருக்கும் என்று அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள்தான். வலயக் கல்வி அலுவலகத்துக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை. பாடசாலைக்கு அருகில் ஆசிரியர் விடுதி கட்டுவதற்குச் செலவு உண்டு. அதையும் மாகாணக் கல்வி அமைச்சு செய்தாக வேண்டும்.

சல்லிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைக்கு வரப்போகும் டீச்சருக்கு அறை தேடுகிறார்கள். முற்பணம் கேட்காமல் கொடுக்கக்கூடியவர்கள், கிணறு உள்ள வீடாக இருந்தால் நல்லது, பாடசாலை அதிபரிடம் இந்தக் கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.